தண்ணீர் குடிக்க மறுத்த குதிரை

எனக்குக் குதிரை என்றால் பயம். ஆறு வயதில் மெரினாவில் அப்பா என்னை ஒரு மட்டக்குதிரை மேல் தூக்கி உட்கார வைத்தார். அது தும்மியது. நான் மணலில் கிடந்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருடம், குதிரை நிற்கிற தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்படிப்பட்டவளைத்தான் ஒரு ஜப்பானியப் பந்தயக் குதிரைக்குத் துணையாகத் துபாய்க்கு அனுப்பினார்கள்.

குதிரைக்குத் துணை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். குதிரையோடு வந்த மனிதருக்குத் துணை. நங்கநல்லூரில் சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தருவது என் பிழைப்பு. பழைய மாணவன் ஒருவன் துபாயில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் இருந்தான். அவன்தான் போன் செய்தான். "மிஸ், பத்து நாள்தான். ஜப்பான்ல இருந்து ஒரு குதிரை வருது. அதைப் பாத்துக்கிறவருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. நீங்க கூட இருந்து பேசினாப் போதும்." குதிரைப் பக்கத்தில் போக வேண்டியிருக்குமா என்று கேட்டேன். "சேச்சே" என்றான். அவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டாம், சாம்பலைப் போடலாம்.

மார்ச் மாதம். துபாயில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருடம் அது. எங்கே பார்த்தாலும் கிரேன். தேராவில் ஒரு சிறிய லாட்ஜில் அறை. கீழே கீழக்கரைக்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். எனக்கும் பாய். இரண்டு கடை தள்ளி ஒரு மெஸ். மதியம் சாம்பாரும் மீன்குழம்பும் ஒரே கரண்டியில் பரிமாறுவார்கள். சாம்பாரிலேயே சாளை மீன் வாசம் வந்ததால் முதல் நாளே தயிர்சாதத்துக்கு மாறிவிட்டேன்.

காப்பிக்கு யாரையும் நம்புவதில்லை. எங்கே போனாலும் என்னுடைய பில்டர், என்னுடைய பொடி, என்னுடைய கருப்பட்டி. டாக்டர் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தச் சொல்லி ஐந்து வருடமாகக் கருப்பட்டிக் காப்பிதான். பெட்டியில் இடம் மிச்சம் பிடிக்க, எவர்சில்வர் சம்புடத்தில் பொடியைக் கொட்டி, அதற்குள்ளேயே கருப்பட்டித் துண்டுகளைப் புதைத்து எடுத்துப்போவேன். இரண்டும் கடைசியில் ஒரே டம்ளருக்குத்தானே போகின்றன. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

பந்தய மைதானம் ஊருக்கு வெளியே, பாலைவனம் தொடங்குகிற இடத்தில் இருந்தது. வெளிநாட்டுக் குதிரைகளுக்குத் தனி லாயம், வேலி, காவல், ஏசி. கிண்டி ரேஸ்கோர்ஸைச் சுவர்ப்பக்கமிருந்து பார்த்தவள் நான். இங்கே குதிரைகள் இருந்த இடத்தில் என் மாணவர்கள் குடியிருந்தால் சந்தோஷப்படுவார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே பந்தயம் உண்டு, பணம் கட்டுவது கிடையாது. யார் ஜெயிப்பார்கள் என்று இலவசச் சீட்டில் எழுதிப் போட்டால் பரிசு, அவ்வளவுதான்.

குதிரையின் பந்தயப் பெயர் நீளமானது. அதோடு வந்த ஒகுடா-சான் ('சான்' நம் ஊர் 'சார்' மாதிரி) அதை "ஹரு" என்றுதான் கூப்பிடுவார். வசந்தம் என்று அர்த்தம். டோக்கியோவில் லட்சம் பேர் நின்று கத்துகிற பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்த குதிரை. கரும்பழுப்பு நிறம், நெற்றியில் அரிசி மாவு இழுகினமாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. ஒகுடா-சானுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினேழு வயதிலிருந்து லாயத்திலேயே இருப்பவர். ஜப்பானில் ஒரு குதிரைக்கு ஒரு பராமரிப்பாளர். அது சாப்பிடும்வரை அவர் சாப்பிடுவதில்லை, அது எங்கே போனாலும் அவர் போவார். என்னை அவர் "சென்சேய்" என்று கூப்பிட்டார். டீச்சர் என்று பொருள். நான் லாயத்துக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று பேசுவதைப் பார்த்துவிட்டு, "சென்சேய், அவனுக்கும் உங்களைப் பார்த்துப் பயம்" என்றார். அது பொய் என்று குதிரையின் முகத்திலேயே தெரிந்தது.

முதல் நாளே மைதானத்து மருத்துவர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், சிரிக்கவே மாட்டார். விதிகளை இங்கிலீஷில் படித்தார். நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன். முத்திரை போட்ட தீவனம் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. மருந்து கூடாது. சாக்லேட், டீ, காப்பி எதுவும் குதிரையின் வாய்க்குப் போகக் கூடாது, அது பரிசோதனையில் ஊக்கமருந்தாகத் தெரியும். குதிரையைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். மீறினால் குதிரை பந்தயத்திலிருந்து நீக்கப்படும், பொறுப்பானவர் மேல் நடவடிக்கை. இதையெல்லாம் சொன்னது என் வாய். அதற்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் என்று கையெழுத்துப் போட்டது என் கை.

லாயத்தில் கூட்டுவது, வாளி தூக்குவது எல்லாம் முனியசாமி. ராமநாதபுரம் பக்கம் முதுகுளத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். என் தமிழைக் கேட்டதும் கண்ணீர் விடாத குறை. "அக்கா, எட்டு மாசமாச்சுக்கா ஒரு பொம்பளக் கொரலு தமிழ்ல பேசிக் கேட்டு. எல்லாம் இங்க 'யல்லா, ஜல்தி'ன்னு வெரட்டுறதுதான்." அவர் பாஸ்போர்ட் கம்பெனியிடம். அவர் தங்குவது கேம்ப்பில், ஒரு ரூமில் எட்டுப் பேர். குதிரைக்கு ஏசி ரூம் தனி என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் வஞ்சம் இல்லை.

நான்காம் நாள் திங்கட்கிழமை, ஹரு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது.

ஜப்பானிலிருந்து கேன்களில் கொண்டுவந்த தண்ணீர் அதற்கு முந்தின நாள் தீர்ந்திருந்தது. துபாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது. நமக்கு வித்தியாசம் தெரியாது. ஹரு வாளிக்குள் மூக்கை விட்டது, உதட்டை நனைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலமும் அப்படியே. செவ்வாய் காலையிலும் அப்படியே. தீவனத்தையும் பாதி விட்டுவிட்டது.

மருத்துவர் ஹருவின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "குதிரைக்கு வாந்தி வராது. தண்ணீர் இல்லாமல் குடல் கட்டிக்கொண்டால் ஒரே நாளில் செத்துப்போகும். ராத்திரி வரை பார்ப்போம். அப்புறம் டிரிப்ஸ்தான். பந்தயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் ஓடவிடுவது சந்தேகம்." இதை நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன். 'செத்துப்போகும்' என்ற இடத்தில் ஒகுடா-சானின் கண் ஹருவின் வயிற்றுக்குப் போனது. முந்தின ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. லாயக் கதவில் ஜப்பானியக் கோயில் தாயத்து ஒன்றைக் கட்டியிருந்தார். அதைத் தொட்டுத் தொட்டு அதன் நூல் பிரிந்திருந்தது.

மத்தியானம் அவரை வற்புறுத்தி அரைமணி நேரம் குளித்துவிட்டு வரச் சொன்னேன். லாயத்தில் நானும் முனியசாமியும்தான். பத்தடி இப்போது நாலடி ஆகியிருந்தது. சாகப்போகிற பிராணியிடம் எவ்வளவு நேரம் பயப்படுவது?

முனியசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, எங்கூர்ல மாடு தண்ணி காட்டியும் குடிக்கலைன்னா, துளியூண்டு கருப்பட்டியக் கரைச்சு ஊத்துவாக. வாசத்துக்கு மூக்க விட்டுரும். பெறகு அதுவா உறிஞ்சிரும். இங்க கருப்பட்டிக்கு எங்க போக?"

என் பையில் இருந்தது. கேன்டீனில் காப்பி போட்டுக்கொள்ளச் சம்புடத்தைத் தினமும் எடுத்து வருவேன். சர்க்கரைதானே, மருந்தா என்ன என்று நினைத்தேன். நெல்லிக்காய் அளவுத் துண்டு ஒன்றை எடுத்து வாளியில் போட்டேன். முனியசாமி கையால் கலக்கினார். ஹரு மூக்கை விட்டது. காது இரண்டும் முன்னால் வந்தன. அப்புறம் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். முனியசாமி என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார், நான் என்னமோ குலதெய்வம் மாதிரி. அடுத்து வெறும் தண்ணீர் வாளியை வைத்தோம். ருசி கண்ட வாய், அதிலும் பாதி குடித்தது.

ஒகுடா-சான் ஈரத் தலையோடு ஓடி வந்தார். காலி வாளியைப் பார்த்தார். "குடித்தானா? தானாகவா?"

"தானாகத்தான்" என்றேன்.

அவர் குதிரைக்கு முன் இடுப்பு வளைய வணங்கி நின்றார். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கருப்பட்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. விதிப்புத்தகம் ஞாபகத்தில் இருந்தது. ஒரு துண்டு இனிப்பு, யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலை லாட்ஜில் காப்பி போடச் சம்புடத்தைத் திறந்தேன். கருப்பட்டியைக் கிள்ளி எடுத்தேன். விரல் நுனி பழுப்பாக இருந்தது. துண்டைச் சுற்றிலும், அதன் பொத்தல்களுக்குள்ளும், காப்பிப்பொடி அப்பியிருந்தது.

ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். ஹரு சனிக்கிழமை ஓடும். ஓடி முடித்ததும் சிறுநீர் எடுப்பார்கள். அதில் காப்பி தெரியும். ஜப்பானின் பேர்பெற்ற குதிரை ஊக்கமருந்தில் மாட்டியது என்று உலகம் முழுக்கப் போடுவார்கள். ஒகுடா-சானின் நாற்பது வருடம் ஒரு நெல்லிக்காய் அளவுத் துண்டில் கரைந்துபோகும். முனியசாமியை அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

கீழே இறங்கிப் பாய் கடையில் நின்றேன். வேறு யாரையும் எனக்கு அங்கே தெரியாது. விஷயத்தைச் சொல்லாமல், தெரியாமல் தப்புச் செய்தால் இந்த ஊரில் விட்டுவிடுவார்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

பாய் ஆற அமரச் சொன்னார். "என்னம்மா அப்படிக் கேட்டுட்டீங்க. நம்ம ஊருப் பய ஒருத்தன் குருமாவுக்குன்னு கசகசா கொண்டாந்தான். இங்க அது தடை. ஏர்போர்ட்லயே தூக்கி உள்ள போட்டாங்க. தெரியாதுன்னு அழுதான். மாசக்கணக்காச்சு வெளிய வர." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க கசகசா கொண்டாந்தீங்களா?"

"காப்பிப்பொடி" என்றேன்.

"அதுக்கெல்லாம் புடிக்க மாட்டாங்க, போங்கம்மா" என்று சிரித்தார். அவருக்கென்ன தெரியும்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே யோசித்தேன். கொஞ்சூண்டு பொடி, இரண்டு வாளித் தண்ணீர், இன்னும் மூன்று நாள் இருக்கிறது, ஒன்றும் தெரியாமல் போகலாம். தெரிந்தால்? அப்போது விதிக் காகிதத்தில் பொறுப்பாளர் என்று ஒகுடா-சானின் கையெழுத்துத்தான் இருக்கிறது. தன் குதிரைக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்றே தெரியாமல் அந்த மனிதர் நிற்பார்.

டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். "ரேஸ்" என்றேன். "டீக் ஹை" என்று தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதை ஜப்பானிய மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கார் நின்றபோது எதிரே நூறு ஒட்டகங்கள் என்னைப் பார்த்து அசைபோட்டன.

"ரேஸ்!" என்றார் அவர், பெருமையாக.

"கோடா, பாயீ, கோடா! குதிரை!" என்று கத்தினேன். தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு என்ன கோபம் என்று அவருக்குப் புரியவில்லை. "சகோதரி, ஒட்டகமும் நல்லா ஓடும்" என்று ஹிந்தியில் சமாதானம் சொன்னார். திரும்பி வர ஒரு மணல் லாரி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம். எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது.

ஒகுடா-சான் ஹருவின் குளம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முனியசாமி பேரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் குளம்பை மெதுவாகக் கீழே வைத்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிய துண்டு என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவினார், தொப்பியை எடுத்து மாட்டினார். "மருத்துவரிடம் போவோம், சென்சேய்" என்றார்.

மருத்துவர் அறையில் இன்னொரு அதிகாரியும் இருந்தார். குதிரையின் தண்ணீர் பற்றிப் பேச வேண்டும் என்று நான் வாசலில் சொன்னதுமே, வாளி தூக்குகிறவர் என்று முனியசாமியையும் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் சுவரோடு சுவராக நின்றார். ஒகுடா-சான் நிமிர்ந்து நின்று ஜப்பானிய மொழியில் பேசினார். "என் குதிரைக்குக் காப்பி கலந்த இனிப்பை நான் கொடுத்தேன். குதிரை தண்ணீர் குடிக்கவில்லை என்ற பயத்தில் புத்தி கெட்டுப்போனேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. பரிசோதனை செய்யுங்கள்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

என் பயத்தை எப்படிச் சொல்வது? அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொல்வதுதான் என் வேலை. சொல்லிவிட்டால் நான் ஊர் போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை விமானம். கூலி வாங்கிய வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று மனசாட்சிக்குச் சமாதானமும் சொல்லலாம். ஒகுடா-சான் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தான் கொடுத்ததாக இவர் சொல்கிறார்" என்றேன் இங்கிலீஷில். "அது பொய். நான் கொடுத்தேன். அப்போது இவர் அங்கே இல்லை." சம்புடத்தை மேஜை மேல் வைத்துத் திறந்தேன். காப்பி வாசனை அறை முழுக்க அடித்தது.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் அதிகாரி.

"யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது."

அவர் முனியசாமி பக்கம் திரும்பினார். "தும் நே குச் தேகா?" என்று ஹிந்தியில் கேட்டார். நீ எதையாவது பார்த்தாயா?

முனியசாமி வாயைத் திறந்தார். மூடினார். தலையை இடவலமாக ஆட்டினார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, உயிரும் வந்தது.

உடனே சிறுநீர் எடுக்க வேண்டும் என்றார்கள். குதிரைக்கு விசிலடித்தால்தான் சிறுநீர் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜப்பானானாலும் துபாயானாலும் லாயத்துப் பழக்கம் இதுதானாம். ஒகுடா-சான் உதட்டைக் குவித்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார். வாய் காய்ந்து போயிருந்தது அவருக்கு. அப்போது பின்னாலிருந்து மெல்லிய விசில் ஒன்று நீளமாகக் கிளம்பியது. முனியசாமி. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. ஹரு பின்னங்காலை அகற்றியது.

என் அனுமதி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். முடிவு வரும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது, லாயப் பக்கம் வரக் கூடாது. இனிமேல் போனில் வேறொருவர் மொழிபெயர்ப்பார்.

வியாழக்கிழமை முழுக்கத் தேராவில் நடந்தேன். தங்கக்கடை வீதியில் கண்ணாடிக்குள் தொங்கிய ஒட்டியாணங்கள் எதுவும் கண்ணில் ஏறவில்லை. ஆப்ரா படகில் ஏறி அந்தக் கரைக்குப் போனேன், இறங்காமல் அதே படகில் திரும்பினேன். படகுக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். பச்சை வேன் எதைப் பார்த்தாலும் போலீஸ் என்று தோன்றியது. வீட்டுக்குப் போன் செய்து, வெயில்தான் கொஞ்சம் அதிகம் என்றேன். என் கணவர், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். குதிரை வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். காப்பி குடிக்கவில்லை. இரண்டு நாளும் ஒரு வாய் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து பாய் கடையைத் திறக்கிற நேரத்தில் போன் அடித்தது. ஒகுடா-சான்.

"சென்சேய், ஒன்றும் தெரியவில்லையாம். சுத்தம். அவன் நாளைக்கு ஓடுகிறான். நீங்களும் ஊருக்குப் போகலாமாம்."

பாய் கடையின் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொன்று" என்றார் அவர். "நான் பதினேழு வயதிலிருந்து குதிரைக்காகப் பொய் சொன்னதில்லை. மனிதருக்காகச் சொன்னது அன்றைக்குத்தான். நீங்கள் அதை மொழிபெயர்க்கவில்லை." "நன்றி" என்றார்.

சனிக்கிழமை, இலவசமாக உள்ளே விடுகிற பக்கத்துக் கூட்டத்தில் நின்றேன். வேலிக்கு அந்தப்பக்கம் தொப்பி போட்ட வெள்ளைக்காரிகள். இந்தப்பக்கம் நம் ஆட்கள், பாகிஸ்தானியர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு குடும்பங்கள். எல்லோர் கையிலும் சீட்டு. விளக்கு வெளிச்சத்தில் குதிரைகள் வந்தபோது தரை அதிர்வது காலில் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்துவிடுமோ, வயிறு கட்டிக்கொள்ளுமோ, நின்றுவிடுமோ என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு மலையாளி, "போயி, போயி" என்று அலுத்துக்கொண்டு சீட்டைக் கிழித்தபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

ஹரு ஆறாவதாக வந்தது. ஜப்பானில் எத்தனை பேர் அன்றைக்கு வருத்தப்பட்டார்களோ. நான் அந்தப் பெரிய திரையில் நான்கு காலையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலையும்போது போன் வந்தது. முனியசாமி. பின்னால் வாளிச் சத்தம்.

"அக்கா." வாளியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வாயத் தொறக்க வரலக்கா. விசா போயிருமேன்னு... நாக்கு உள்ளாற ஒட்டிக்கிருச்சு. நான்தானக்கா சொன்னேன் கருப்பட்டின்னு."

"தொறந்திருந்தீங்கன்னா அங்கேயே அறைஞ்சிருப்பேன்" என்றேன். "எனக்கும்தான் பயமா இருந்துச்சு. அதை விடுங்க. குதிரை எப்படி இருக்கு? ஒழுங்கா நிக்குதா?"

"நிக்குதுக்கா. வந்ததும் மொத வேலையா ஒரு வாளித் தண்ணியக் காலி பண்ணிருச்சு." அவசரமாக அடுத்த வார்த்தை வந்தது. "வெறுந்தண்ணிதான்க்கா. சத்தியமா வெறுந்தண்ணி."